மகஜர் வழியே வந்த ஷரத்து

நம் அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்தை 368-ஆம் ஷரத்து பார்லிமெண்டிடம் ஒப்படைத்திருக்கிறது. இரு சபைகளிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் இசைய வேண்டும். சில ஷரத்துக்களுக்குப் பாதி ராஜ்யங்களின் சட்டசபைகளும் உடன்பட வேண்டும். ஸ்விட்ஸர்லாந்திற்போலக் குடிமக்கள் நேரே வாக்களித்துத் தீர்ப்புக் கூறும் முறை இங்கே இல்லை. ஆயின், குடிமகனுக்கு இதில் பங்கே இல்லையா? பிற ராஜ்யங்களில் வாழும் தமிழராகிய நாம் விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் குழந்தைகளின் பாடசாலையைத் தொட்டு நிற்கும் திருத்தம் ஒன்றே போதும்.

1953 டிசம்பரில் பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவரைக் கொண்ட ராஜ்ய புனரமைப்புக் கமிஷன் நியமனமாயிற்று. அது பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. மகஜர், தீர்மானம், தந்தி என்று வந்து குவிந்தவை 1,52,250. அவற்றுள் ஆய்ந்து எழுதப்பட்ட மகஜர்கள் சுமார் 2,000 மட்டுமே. ஆரவாரத்துக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. கமிஷன் 104 ஊர்களுக்குச் சென்று, 9,000 பேருக்கு மேல் நேரில் கண்டு கேட்டது. எல்லைக் கோட்டை எங்கே இழுத்தாலும், ஒரு மொழியினர் சிலர் மறுபுறம் தங்கியே தீர்வர். ஆகவே, ஆரம்பக் கல்வியையேனும் தாய்மொழியில் பெறும் உரிமைக்கு அரசியல் சட்டத்தில் இடம் வேண்டுமெனத் தன் 1955-ஆம் ஆண்டு அறிக்கையில் அது பரிந்துரைத்தது. மறு ஆண்டே, ஏழாவது திருத்தம் 350-ஏ ஷரத்தைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மையினரின் பாதுகாப்புக்களை ஆராய்ந்து ஜனாதிபதிக்கு அறிக்கை தர, 350-பி ஷரத்து தனி அதிகாரி ஒருவரையும் ஏற்படுத்தியது.

மூலத்தைப் படித்தால் ஒரு குறை புலப்படும். வசதி செய்து தர ராஜ்யங்கள் 'முயல வேண்டும்' என்றே 350-ஏ கூறுகிறது. முயற்சி எங்கே தொடங்கும்? வகுப்பில் பத்துப் பேரோ, பள்ளி முழுவதிலும் நாற்பது பேரோ ஒரு மொழியினராயிருந்தால் அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும் என்று 1949-ல் மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு முடிவு செய்திருந்தது. அந்தப் பத்துப் பேரைத் திரட்டிக் காட்டும் வேலையைச் சட்டம் செய்யாது. பெற்றோரே செய்தாக வேண்டும்.

தமக்கென ஒரு ராஜ்யமும் இல்லாத சிந்தி மக்களின் மொழி, 1967-ல் 21-ஆவது திருத்தத்தால் எட்டாவது அட்டவணையில் இடம் பெற்றது. அவர்களும் நம்மைப் போலப் பல நகரங்களில் சிதறி வாழ்பவர்களே.

எந்த மொழியில் எழுதுவது என்று தயங்குவோருக்கு ஒரு செய்தி: குறை தீர்க்கக் கோரி யூனியன் அதிகாரிகளுக்கு அனுப்பும் மனுவைத் தமிழிலேயே எழுத 350-ஆம் ஷரத்து இடம் தருகிறது.