தோல்வி தந்த பட்டம்

தோல்வியே காணாதவரைப் பற்றி உலகம் இருவிதமாகப் பேசும். "இவருக்கு நிகரில்லை" என்பர் ஒரு சாரார். "இவர் இன்னும் தக்க எதிரியைச் சந்திக்கவில்லை" என்பர் மற்றொரு சாரார். அமெரிக்காவில் ஒரு பெண்குதிரையைக் குறித்து இத்தகைய வழக்கு மூன்று ஆண்டுகள் நடந்தது. அக்குதிரையின் பெயர் ஸெனியாட்டா.

2004ஆம் ஆண்டு பிறந்த ஸெனியாட்டா, 2007ஆம் ஆண்டின் இறுதியில் பந்தயத்தில் இறங்கியது. ஜான் ஷிரெஃப்ஸ் அதன் பயிற்சியாளர். தொடக்கத்தில் எல்லாக் குதிரைகளுக்கும் பின்னே மெல்ல வந்து, கடைசித் திருப்பத்தில் வேகம் பிடித்து, யாவற்றையும் முந்துவதே அதன் வழக்கம். 2008ஆம் ஆண்டில் ஓடிய பந்தயங்கள் அனைத்திலும் அது வென்றது. ஆயினும் அவ்வாண்டின் தலைசிறந்த குதிரை என்னும் பட்டம் கர்லின் என்ற ஆண்குதிரைக்கே சென்றது.

குறை கூறியவர்களின் வாதம் இதுதான்: ஸெனியாட்டா பெண்குதிரைகளை மட்டுமே வென்றது, அதுவும் பெரும்பாலும் தன் இருப்பிடமான கலிபோர்னியாவில். அங்குள்ள பெரிய திடல்களில் அந்நாளில் மணலும் ரப்பரும் மெழுகும் கலந்த செயற்கைத் தளமே இருந்தது. நாட்டின் பெரும் பந்தயங்கள் பல மண் தளத்தில் நடப்பவை. "தனக்குப் பழகிய களத்தில் பெறும் வெற்றி முழு வெற்றியாகுமா?" என்று அவர்கள் வினவினர். ஆதரவாளரிடமும் விடை இருந்தது. 2008ஆம் ஆண்டிலேயே ஆர்க்கன்ஸாவின் மண் தளத்தில் அது வென்றிருந்தது. மேலும், குதிரையின் கால் எளிதில் பழுதாகும் உறுப்பு; அதைக் காப்பது பயிற்சியாளரின் முதற்கடமை என்றனர்.

2009ஆம் ஆண்டில் ரேச்சல் அலெக்ஸாண்ட்ரா என்ற இளம் பெண்குதிரை ஆண்குதிரைகளை மூன்று பெரும் பந்தயங்களில் வீழ்த்தியது. அவற்றுள் ஒன்றான பிரீக்னஸ் பந்தயத்தில் 1924ஆம் ஆண்டுக்குப் பின் எந்தப் பெண்குதிரையும் வென்றதில்லை. ஆனால் அதன் உரிமையாளர், செயற்கைத் தளத்தில் அதனை ஓட்ட இசையவில்லை. ஸெனியாட்டாவோ அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் சாண்டா அனிட்டா திடலில் ஆண்குதிரைகளை எதிர்த்து பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்தில் வென்றது. 1984இல் தொடங்கிய அப்பந்தயத்தில் ஒரு பெண்குதிரை வென்றது அதுவே முதன்முறை. இருந்தும் பட்டம் ரேச்சலுக்கே கிடைத்தது.

மறு ஆண்டு ஏப்ரலில் இரண்டையும் ஆர்க்கன்ஸாவில் மோதவிட ஐம்பது லட்சம் டாலர் பரிசு பேசப்பட்டது. மார்ச்சில் ரேச்சல் தோற்றது. வென்ற குதிரை ஷிரெஃப்ஸ் பயிற்றுவித்ததே. ரேச்சல் விலகிக்கொண்டது. இரண்டும் ஒருநாளும் ஒரே களத்தில் நிற்கவில்லை.

ஸெனியாட்டாவின் தொடர் வெற்றி பத்தொன்பதாயிற்று. 2010 நவம்பர் 6ஆம் நாள், கென்டக்கி மாநிலத்துச் சர்ச்சில் டவுன்ஸ் திடலின் மண் தளத்தில், மீண்டும் கிளாசிக் பந்தயத்துக்கு அது வந்தது. தொடக்கத்தில் வெகுதூரம் பின்தங்கியது. இறுதியில் விரைந்து வந்தும், பிளேம் என்ற குதிரையிடம் ஒரு தலையளவு தூரத்தில் தோற்றது. குற்றம் தன்னுடையதே என்று அதனை ஓட்டிய மைக் ஸ்மித் கண்ணீர் மல்கக் கூறினார்.

அதன் பின் நடந்ததே சிந்திக்கத்தக்கது. தோல்வியறியாத இரண்டு ஆண்டுகளில் மறுக்கப்பட்ட பட்டம், தோற்ற ஆண்டில் ஸெனியாட்டாவைத் தேடி வந்தது. அதனை வென்ற பிளேமுக்குக்கூட அது கிட்டவில்லை. 2016ஆம் ஆண்டில் ஸெனியாட்டாவும் ரேச்சலும் ஒருங்கே அமெரிக்கப் பந்தயப் புகழ் மன்றத்தில் இடம்பெற்றன.

பாதுகாப்பான பத்து வெற்றிகளால் அடக்க முடியாத ஐயத்தை அந்த ஒரு தலையளவுத் தோல்வி அடக்கிவிட்டது. வலிய எதிரியைத் தேடிச் செல்வோர் வெற்றியை இழக்கக்கூடும். ஆனால், தம் ஆற்றலின் அளவை ஐயத்துக்கு இடமின்றி உலகுக்குக் காட்டிவிடுகின்றனர்.