நரம்புச் சிலந்தி: மருந்தே இல்லாமல் ஒழிந்த நோய்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரம், கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று பலருக்கும் தெரியும். அங்கே கிடைத்த ஒரு பல்லவர் செப்பேடும் புகழ் பெற்றது. 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்டது. 'பரமேசுவர தடாகம்' என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு வெட்டிய கால்வாயையும் அது குறிப்பிடுகிறது.

நீர்நிலை வெட்டுவது பெரிய புண்ணியம் என்று நினைத்த நாடு இது. ஆனால் நம் நாட்டின் பல ஊர்களில் அதே குளத்து நீரை நம்பி ஒரு புழுவும் வாழ்ந்தது. அதன் பெயர் நரம்புச் சிலந்தி.

குளத்து நீரில் சைக்ளாப்ஸ் என்ற மிகச் சிறிய உயிரி உண்டு. நரம்புச் சிலந்தியின் குஞ்சுகள் அதற்குள் வளரும். அந்த நீரைக் குடித்தால் வயிற்றில் சைக்ளாப்ஸ் செத்துவிடும், குஞ்சு சாகாது! குடலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் போய்விடும். சுமார் ஒரு வருடம் கழித்து, ஒரு மீட்டர் வரை வளர்ந்த பெண் புழு பெரும்பாலும் காலில் கொப்புளம் உண்டாக்கி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அங்கே விட்டுவிடும். அடுத்தவர் அதைக் குடிப்பார்.

இதற்கு வைத்தியம்? புழுவை ஒரு குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதுதான். வாரக்கணக்கில் ஆகும். நடுவில் அறுந்தால் புண் சீழ் பிடிக்கும். அதுவரை வயலில் இறங்க முடியாது, கூலியும் கிடையாது. புழுவைக் கொல்லும் மருந்தோ தடுப்பூசியோ இன்றுவரை இல்லை.

சைக்ளாப்ஸின் பங்கை 1870-இல் ரஷ்ய விஞ்ஞானி ஃபெட்சென்கோ கண்டுபிடித்தார். ஆனால் இந்தியாவில் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது 1983-84-இல்தான். அப்போது தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களில் சுமார் 40,000 நோயாளிகள் இருந்தார்கள். என்ன செய்தார்கள்? படிக்கிணறுகளை மாற்றினார்கள், கைப்பம்பு போட்டார்கள், நீரில் டெமிஃபாஸ் மருந்து ஊற்றி சைக்ளாப்ஸைக் கொன்றார்கள், குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்!

கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் பதிவானார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது.

பெரியம்மையை ஒழிக்கத் தடுப்பூசி இருந்தது. நரம்புச் சிலந்தியை ஒழித்தது ஒரு முழத் துணியும் நல்ல தண்ணீரும். மருந்து வரட்டும் என்று காத்திருந்தால், இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.