பார்வைத்துணைக் கண்ணாடி (ஊவாத் தோட்டப்புற நோக்கில்)

பார்வையற்றோரும் பார்வைக் குறைவுள்ளோரும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தி அணியும் சிறு கமராக் கருவி. எதிரே உள்ள எழுத்தையும் ஆளையும் பொருளையும் செயற்கை நுண்ணறிவால் இனங்கண்டு காதருகே சொல்லும். இஸ்ரேலின் ஓர்காம் நிறுவனத்து மைஐ 2 கருவி (2017) இக்கணிப்பைக் கருவிக்குள்ளேயே செய்தது. கார்த்திக் மகாதேவன், கார்த்திக் கண்ணன் இருவரும் நெதர்லாந்தில் தொடங்கிய என்விஷன் நிறுவனம் 2020 இல் கூகுள் கிளாஸ் எனும் கணினிக் கண்ணாடியில் தன் மென்பொருளை ஏற்றி வெளியிட்டது. அதன் சில வசதிகளுக்கு இணையம் வேண்டும்.

இலங்கையின் ஊவா மாகாணத்தில் இந்த வேறுபாடுதான் பெரிது. பசறை, மடுல்சீமை, அப்புத்தளை மலைமடிப்புகளில் சிக்னல் அறுந்தால், இணையத்தை நம்பிய கருவி வாய்மூடிவிடும்.

மொழி இன்னொரு சிக்கல். பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இல் சிங்களம், தமிழ் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. ஆனாலும் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) சிங்களக் கடிதம் வரும். மருந்து உறையிலோ ஆங்கிலக் கையெழுத்து. அச்செழுத்தை ஓரளவு சரியாகப் படிக்கும் கருவி கிறுக்கலில் தடுமாறும். திறந்த மூல மென்பொருளான டெசராக்ட், தமிழ், சிங்கள அச்சை இணையமின்றியே வாசிக்கும். பணத்தாளை இனங்காணவோ கருவியே தேவையில்லை: 2011 இல் வெளியான ரூபாய்த் தாள்களில் தொட்டறியும் புள்ளிகள் உண்டு.

மழையில் பாசி பிடித்த லயத்துக் கல்படியின் வழுக்கலைக் கமரா சொல்லாது. அங்கே வெள்ளைப் பிரம்பே நம்பகமானது. வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது: இணையமில்லாமல் தமிழும் சிங்களமும் வாசிக்குமா?