சுடர் உரைத்த சான்று

சிவகாசி வட்டாரத்தில் மத்தாப்பு மருந்து கலப்போர் இரண்டு வெண்ணிறப் பொடிகளை நெடுங்காலம் கையாண்டனர். தீயிற்பட்டால் சிவப்பது ஸ்ட்ரான்சியம் நைட்ரேட். பச்சையாவது பேரியம் நைட்ரேட். பின்னதற்கு அவ்வூர் வழக்கில் 'பச்சை உப்பு' என்று பெயர். வெள்ளைப் பொடியைப் பச்சை என்றழைப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் கிடக்கும் நிறத்தை விட்டு எரியும் நிறத்தால் பொருளை அறிந்த பெயர் அது. இதே அறிவுக்கு ஐரோப்பிய அறிஞர்கள் ஒரு பிழையைக் கடந்தே வரவேண்டியிருந்தது.

ஸ்காட்லாந்தின் மேற்கே ஸ்ட்ரான்டியன் என்பது ஒரு சிற்றூர். அங்குள்ள ஈயச் சுரங்கத்தில் கிடைத்த கனத்த கல்லொன்று 1787-இல் எடின்பரோவுக்கு வந்தது. இன்று விதரைட் எனப்படும் பேரியக் கனிமமே அது என்று கொண்டனர். அவ்வாறு கொண்டதில் வியப்பில்லை. இரண்டும் எடை மிக்கவை. ஈயச் சுரங்கங்களில் கிடைப்பவை. அமிலம் பட்டால் நுரைப்பவை.

1790-இல் அடேர் கிராஃபோர்டு என்னும் மருத்துவர் ஐயுற்றார். புதிய கல்லிலிருந்து பெற்ற உப்பு நீரில் கரையும் விதம் வேறாக இருந்தது. விதரைட் நஞ்சு, இக்கல்லோ விலங்குகளுக்குத் தீங்கு செய்யவில்லை என்பதும் பின்னர்ப் புலனாயிற்று. ஆயினும் ஐயத்தை அறவே நீக்கியவர் தாமஸ் சார்லஸ் ஹோப். 1793-இல் எடின்பரோ அரச கழகத்தில் அவர் படித்த கட்டுரையில் சுடரும் சான்றாக நின்றது. புதிய கல்லின் உப்புகள் சுடரைச் செக்கச்சிவக்க மாற்றின. பேரிய உப்புகள் பசுமை காட்டின. கவிஞர்க்கு அணியாகும் நிறம், ஹோப்புக்குச் சாட்சியாயிற்று. சிற்றூரின் பெயரே கல்லுக்கு ஸ்ட்ரான்சியனைட் என்றும், 1808-இல் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்த உலோகத்துக்கு ஸ்ட்ரான்சியம் என்றும் நிலைத்தது.

அன்று இரு கற்களையும் பிரித்துக்காட்டிய நச்சுத்தன்மை சிவகாசியில் பிழைப்பைத் தொடும் வழக்காயிற்று. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலின் வழியே வளர்ந்தது இப்பட்டாசுத் தொழில். பட்டாசுகளில் பேரிய உப்புகளைச் சேர்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஆணையிட்டது. 2021-இல் அதனை மீண்டும் வலியுறுத்தியது. பச்சை நிறம் மட்டும் போவதாயின் இழப்பு சிறிதே. கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் எரிவதற்கு வேண்டிய உயிர்வளியைத் தந்துவந்ததும் அந்தப் பச்சை உப்புத்தான்.