ஊர் சுற்றி வந்த டாலர்

வரலாறு படித்த நம்மைப் பார்த்து, "செத்துப்போன ராஜாக்கள் கதைதானே படிக்கிறீங்க" என்று மற்ற துறை நண்பர்கள் கிண்டல் செய்தது நினைவிருக்கிறதா? அவர்களில் சிலர் இன்று டாலரில் சம்பளம் வாங்குகிறார்கள். அந்த டாலருக்கே ஒரு கதை இருக்கிறது, கேளுங்கள்.

ஸ்பானிஷ் மொழியில் அமெரிக்கப் பணத்துக்குப் பெயர் 'டோலார்'. ஆங்கிலத்திலிருந்து வாங்கிய சொல். சரி, ஆங்கிலத்துக்கு அது எங்கிருந்து வந்தது?

இன்றைய செக் குடியரசில் யோவாகிம்ஸ்தால் என்று ஒரு மலை ஊர். ஜெர்மன் மொழியில் 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. 1516-ல் அங்கே வெள்ளி கிடைத்தது. அந்த வெள்ளியில் அடித்த பெரிய காசுக்கு 'யோவாகிம்ஸ்தாலர்' என்று பெயர். இவ்வளவு நீளமான பெயர் யார் வாயில் நுழையும்? 'தாலர்' என்று சுருக்கினார்கள். அதுவே ஆங்கிலத்தில் டாலர் ஆயிற்று.

இதற்குள் ஸ்பெயின் கடல் கடந்து போய்விட்டது. 1545-ல் இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி மலையில் வெள்ளி அகப்பட்டது. 1570-களில் 'மித்தா' என்ற கட்டாய வேலை முறையை ஸ்பானிஷ் ஆட்சி ஒழுங்குபடுத்தியது. சுற்று வட்டாரத்துப் பழங்குடி ஊர்கள் முறைவைத்துச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். போனவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. அந்த வெள்ளியில் அடித்த 8 ரியால் காசை ஸ்பானியர்கள் 'பெசோ' என்றார்கள். தாலர் அளவுக்கே இருந்ததால் ஆங்கிலேயர்கள் அதை 'ஸ்பானிஷ் டாலர்' என்று கூப்பிட்டார்கள்.

1792-ல் அமெரிக்கா தன் நாணயச் சட்டத்தை இயற்றியபோது, ஒரு டாலரின் மதிப்பு ஒரு ஸ்பானிஷ் டாலருக்குச் சமம் என்றே எழுதி வைத்தது. 1857 வரை அந்த ஸ்பானிஷ் காசு அங்கே சட்டப்படி செல்லுபடியானது. ஆக, தன் காசுக்கு அடுத்தவன் வைத்த பெயரையே பிற்பாடு ஸ்பானிஷ் மொழி அந்நியப் பணத்தின் பெயராக வாங்கிக்கொண்டது!

கதை இதோடு முடியவில்லை. ஆண்டீஸ் மலை நாடான எக்வடோரில் 1999-ல் வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. 2000-ல் அரசு தன் சூக்ரே நாணயத்தையே கைவிட்டது. 25,000 சூக்ரேக்கு 1 டாலர். பாடுபட்டுச் சேர்த்தவன் கையில் என்ன மிஞ்சியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. டாலரில் பள்ளத்தாக்கின் பெயர் நின்றுவிட்டது. பொட்டோசியில் வெள்ளி வெட்டியவன் பெயர் எந்தக் காசிலும் இல்லை. அவனைத் தேடிப் போவதுதான் வரலாற்றுப் படிப்பு. ராஜாக்கள் கதை மட்டும் இல்லைங்க!