காலிக் கோட்டை

காலிக் கோட்டை என்பது இலங்கையின் தென் மாகாணத் தலைநகரான காலியில், கடலினுள் நீண்டிருக்கும் சிறிய தீபகற்பம் ஒன்றில் அமைந்துள்ள மதில் சூழ்ந்த பழைய நகரம் ஆகும். இது கொழும்பிலிருந்து ஏறத்தாழ 119 கிலோமீற்றர் தொலைவில், தீவின் தென்மேற்குக் கரையில் உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் தொடங்கப்பட்டு, 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்தரால் விரிவாக்கப்பட்ட இக்கோட்டை, 1988 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

தென்னாசியாவில் ஐரோப்பியர் கட்டிய பல கோட்டைகள் இன்று மக்கள் குடியிராத காவலரண்களாகவோ இடிபாடுகளாகவோ உள்ளன. காலிக் கோட்டை அவற்றிலிருந்து வேறுபட்டது. இதன் மதிலுக்குள் வீடுகள், கடைகள், பாடசாலைகள், பள்ளிவாசல், தேவாலயங்கள், பௌத்த விகாரை என்பன உள்ளன. கோட்டையின் பரப்பளவு ஏறத்தாழ 52 எக்டேயர் மட்டுமே. ஆகையால் வாகனமோ வழிகாட்டியோ இன்றி, ஒருவர் தாம் விரும்பும் வேகத்தில் நடந்தே முழு நகரையும் பார்த்துவிட முடியும்.

பெயர்

காலி என்னும் பெயரின் தோற்றம் குறித்துப் பல கருத்துகள் உள்ளன. பாறை எனப் பொருள்படும் "கல" என்னும் சிங்களச் சொல்லிலிருந்து இது வந்தது என்பர் சிலர். மாட்டுத் தொழுவத்தைக் குறிக்கும் "கால" என்ற சொல்லே மூலம் என்பர் வேறு சிலர். போர்த்துக்கேய மொழியில் "கலோ" என்பது சேவலைக் குறிக்கும். 1505 இல் இங்கு வந்த போர்த்துக்கேயர் சேவல் கூவக் கேட்டு இப்பெயரை இட்டனர் என்ற கதையும் வழங்குகிறது. கோட்டையின் பழைய வாயிலில் உள்ள சின்னத்தில் சேவல் இடம்பெறுவதற்கு இக்கதையே காரணம். எனினும் 14ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த அராபியப் பயணி இப்னு பதூதா, தமது பயண நூலில் இவ்வூரைக் "காலி" என்றே குறித்துள்ளார். எனவே பெயர் போர்த்துக்கேயருக்கு முற்பட்டது என்பது தெளிவு.

வரலாறு

ஐரோப்பியர் வருகைக்கு முன்பே காலி, அராபிய, சீன, தென்னிந்திய வணிகர்கள் கூடிய துறைமுகமாக விளங்கியது. இதற்குச் சான்றாக உள்ளது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் கே, 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனத்தில் பொறிக்கச் செய்து இலங்கைக்குக் கொணர்ந்த கல் இது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் இதில் வாசகங்கள் உள்ளன. சீன வாசகம் புத்தரையும், தமிழ் வாசகம் தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாரையும், பாரசீக வாசகம் அல்லாவையும் போற்றி, மூவருக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. அக்காலத்தில் இக்கரையோர வணிகத்தில் தமிழ் பெற்றிருந்த இடத்தை இது காட்டுகிறது. 1911 ஆம் ஆண்டில் காலி நகரின் மதகு ஒன்றுக்கு மூடுகல்லாகப் பயன்பட்டிருந்த நிலையில் இது கண்டெடுக்கப்பட்டது. தற்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் துறைமுகத்தைப் பார்த்தவாறு சிறிய அரண் ஒன்றை அமைத்தனர். பின்னர் நிலப்பகுதியை நோக்கிய பக்கத்தில் மதிலும் கொத்தளங்களும் கட்டினர். 1640 மார்ச் 13 இல் வில்லெம் யாக்கோப்சூன் கோஸ்டர் தலைமையிலான ஒல்லாந்தப் படை, கண்டி அரசனுடனான உடன்பாட்டின் கீழ், இக்கோட்டையைக் கைப்பற்றியது. ஒல்லாந்தர் தீபகற்பம் முழுவதையும் கல் மதிலால் வளைத்து, உள்ளே நேர் கோட்டுத் தெருக்களைக் கொண்ட நகரை அமைத்தனர். 1796 இல் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. நீராவிக் கப்பல்களின் தொடக்க காலத்தில் காலி முக்கிய துறைமுகமாக நீடித்தது. ஆனால் துறைமுகத்தின் அடியிலிருந்த பாறைகள் பெரிய கப்பல்களுக்கு இடையூறாயின. 1885 இல் கொழும்பில் அலைதாங்கி கட்டி முடிக்கப்பட்டதும் கப்பல்கள் அங்கே சென்றன.

வணிகம் நலிந்ததால் கோட்டைக்குள் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன கட்டும் தேவை எழவில்லை. ஒல்லாந்தர் கால நகரம் பெரும்பாலும் அப்படியே எஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

அமைப்பு

கோட்டை மதிலில் 14 கொத்தளங்கள் உள்ளன. நிலப்பக்கம் நோக்கியவை சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்னும் பெயர்களைக் கொண்டவை. நகருக்குள் படை வராமல் தடுக்க வேண்டியது இப்பக்கத்தில்தான் என்பதால் இங்கு மதில் மிகவும் உயரமாகவும் தடிப்பாகவும் உள்ளது. மற்ற மூன்று பக்கங்களிலும் கடலே அரணாக அமைகிறது. துறைமுகப் பக்கத்தில் உள்ள அக்கர்சுலூட் கொத்தளம், கோட்டையைக் கைப்பற்றிய கோஸ்டரின் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கியது.

வீடுகளின் சுவர்கள் பவளக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தடிப்பாகக் கட்டப்பட்டவை. தெருவை நோக்கித் தூண்கள் தாங்கும் திண்ணையும், நடுவே முற்றமும், ஓட்டுக் கூரையும் உண்டு. ஐரோப்பியத் திட்டமும் உள்ளூர்க் கட்டட மரபும் இவற்றில் இணைந்துள்ளன. நிலத்தடியில் ஒல்லாந்தர் அமைத்த செங்கல் வடிகால்கள் உள்ளன. கடல் பெருகும்போது நீர் இவற்றுள் புகுந்து கழிவுகளை அடித்துச் செல்லும். இதனைக் கட்டுப்படுத்த டிரைட்டன் கொத்தளத்தில் காற்றாலையால் இயங்கிய நீரேற்று நிலையம் ஒன்று இருந்தது.

சுற்றிப் பார்த்தல்

கோட்டையைப் பார்ப்பதற்கு மதில் மேல் நடப்பதே சிறந்த வழி. மெதுவாக நடப்பவர்கள் இரண்டு மணி நேரத்தில் சுற்றி வரலாம். மதிலின் மேல் நிழல் மிகக் குறைவு. ஆகையால் காலை அல்லது மாலை வேளையே ஏற்றது. நண்பகலை உள்தெருக்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஒதுக்கலாம். சில இடங்களில் மதிலின் கடற்பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லை. சிறுவர்களுடன் செல்வோர் கவனமாக இருத்தல் வேண்டும்.

மேற்கு மதில்: பிரித்தானியர் 1873 இல் திறந்த பிரதான வாயில், சூரியன், சந்திரன் கொத்தளங்களுக்கு இடையே உள்ளது. சந்திரன் கொத்தளத்தின் மேல் 1883 இல் கட்டப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. இது காலியைச் சேர்ந்த மருத்துவர் பீட்டர் டானியல் அந்தோனிசைப் பாராட்டி எழுப்பப்பட்டது. இங்கிருந்து வெளியே பார்த்தால் காலி பன்னாட்டுத் துடுப்பாட்ட அரங்கம் தெரியும். போட்டி நாட்களில் மதில் மேல் நின்று ஆட்டத்தைப் பார்க்கும் வழக்கம் உண்டு. முத்தையா முரளிதரன் தமது 800ஆவது தேர்வுத் துடுப்பாட்ட இலக்கை, தாம் வீசிய கடைசிப் பந்தில், 2010 சூலையில் இந்தியாவுக்கு எதிராக இவ்வரங்கிலேயே கைப்பற்றினார். நட்சத்திரக் கொத்தளத்திலிருந்து தெற்கே செல்லும் மேற்கு மதில், சூரியன் மறைவதைக் காண மக்கள் கூடும் இடம் ஆகும்.

தெற்கு முனை: கொடிப் பாறைக் கொத்தளம் தீபகற்பத்தின் தென் முனையில் உள்ளது. நீருள் மறைந்துள்ள பாறைகளைப் பற்றிக் கப்பல்களுக்கு இங்கிருந்து சமிக்ஞை தரப்பட்டது. அடுத்துள்ள உட்ரெக்ட் முனையில் 26.5 மீற்றர் உயரமான வெண்ணிறக் கலங்கரை விளக்கம் உள்ளது. 1848 இல் கட்டப்பட்ட முதலாவது விளக்கம் தீயில் அழிந்ததால், 1939 இல் இது கட்டப்பட்டது. இதன் எதிரே வெண்ணிறத்தில் நிற்கும் மீரான் சும்மா பள்ளிவாசல், முன்தோற்றத்தில் கிறித்தவத் தேவாலயத்தை ஒத்தது. கோட்டைக்குள் சோனகர் பெருமளவில் வாழ்கின்றனர். இவர்களின் தாய்மொழி தமிழ். ஒல்லாந்தர் காலத்தில் "சோனக வணிகர் தெரு" எனப் பொருள்படும் பெயர் கொண்ட தெரு இங்கு இருந்தது.

கிழக்குப் பக்கம்: இங்கு சில பகுதிகளில் மதிலிலிருந்து இறங்கித் தெரு வழியே நடக்க வேண்டும். பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை புதுப்பிக்கப்பட்டு, 2014 முதல் கடைகளும் உணவகங்களும் கொண்ட இடமாக உள்ளது. வடகிழக்கில் உள்ள பழைய வாயில், பண்டகசாலைக் கட்டடத்தின் ஊடாகத் துறைமுகத்துக்குச் செல்கிறது. இதன் உட்பக்கத்தில் 1669 என்னும் ஆண்டுடன் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமும், வெளிப்பக்கத்தில் பிரித்தானிய அரச சின்னமும் உள்ளன. இரு ஆட்சிகளையும் ஒரே வாயிலில் காணலாம். பண்டகசாலையில் கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1659 இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்னும் ஒல்லாந்தக் கப்பல் போன்றவற்றைப் பற்றி இங்கு அறியலாம்.

உள்தெருக்கள்: 1755 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தச் சீர்திருத்தத் தேவாலயத்தின் தரையில் ஒல்லாந்தர் காலக் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின் எழுத்துகளை நின்று பார்க்கச் சிறிது நேரம் ஒதுக்குதல் நன்று. லெய்ன் பான் தெரு என்பதற்குக் கயிறு திரிக்கும் தெரு என்று பொருள். கப்பல்களுக்கான கயிறு தயாரித்த காலத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது. தேவாலயத் தெருவையும் கலங்கரை விளக்கத் தெருவையும் பெட்லர் தெரு செங்கோணத்தில் வெட்டுவதால், புதியவரும் வழி தவற வாய்ப்பு குறைவு.

2004 ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 இல் ஏற்பட்ட ஆழிப்பேரலை காலி நகரைக் கடுமையாகத் தாக்கியது. கோட்டைக்கு வெளியே இருந்த பேருந்து நிலையம், சந்தைப் பகுதி, துடுப்பாட்ட அரங்கம் ஆகியவற்றுள் கடல் புகுந்து பெரும் உயிர்ச்சேதம் விளைந்தது. காலிக்கு வடக்கே பெரலிய என்னுமிடத்தில் தொடருந்து ஒன்று அலையில் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் பீரங்கிகளுக்கு எதிராகக் கட்டப்பட்ட கோட்டை மதில் அலையைத் தடுத்ததால், உள்ளே இருந்த நகரம் பெருமளவுக்குத் தப்பியது. மதிலுக்கு ஒரு பக்கத்தில் இருந்தோரின் கதியும் மறுபக்கத்தில் இருந்தோரின் கதியும் சில மீற்றர் இடைவெளியில் வேறுபட்டன. பழைய வாயிலை ஒட்டியிருந்த கடல்சார் அருங்காட்சியகம் மட்டும் சேதமுற்று 2010 இல் மீண்டும் திறக்கப்பட்டது. துடுப்பாட்ட அரங்கம் 2007 டிசம்பரில் மீளத் திறக்கப்பட்டது.

பாதுகாப்பும் சிக்கல்களும்

கோட்டையின் பராமரிப்பில் தொல்லியல் திணைக்களமும், 1994 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த காலி மரபுரிமை மன்றமும் ஈடுபட்டுள்ளன. ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட அரங்கக் கட்டடம் கோட்டையின் தோற்றத்தை மறைப்பதாக யுனெஸ்கோ தரப்பில் கவலை தெரிவிக்கப்பட்டது. 2018 இல் அதனை இடிப்பதா என்ற விவாதம் நாடளவில் எழுந்தது.

இதனினும் ஆழமான சிக்கல் குடியிருப்பு சார்ந்தது. சுற்றுலா வளர்ந்ததால் வீடுகளின் விலை உயர்ந்து, பல வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியுள்ளன. தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் சில விற்று வெளியேறியுள்ளன. கட்டடங்கள் செப்பனிடப்படுவதற்கு இவ்வருவாய் உதவுகிறது என்பது ஒரு பக்கம். மக்கள் வாழும் நகரம் என்பதே இக்களத்தின் சிறப்பு என்பதால், குடிகள் குறைந்தால் அச்சிறப்பும் குறையும் என்பது மறுபக்கம்.

போக்குவரத்து

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து கரையோரத் தொடருந்துப் பாதை காலி வரை 1894 இல் அமைக்கப்பட்டது. பயணத்தின் பெரும்பகுதி கடலை ஒட்டிச் செல்வதால், மேற்குப் பக்கச் சாளரத்தருகே அமர்வோர் கடலைப் பார்த்துக்கொண்டே செல்லலாம். 2011 நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை காலி வரை திறக்கப்பட்டதால் சாலைப் பயண நேரம் வெகுவாகக் குறைந்தது. தொடருந்து நிலையமும் பேருந்து நிலையமும் கோட்டையின் பிரதான வாயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. டிசம்பர் முதல் மார்ச் வரை இக்கரையில் கடல் அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் கடல் கொந்தளிப்பாகக் காணப்படும்.