பிடிபடாத மீனின் கணக்கு: இல்லினாய் ஆற்றில் மாதிரி எடுக்கும் முறைகள் வளர்ந்த வரலாறு

ஆற்று மீன்களை மாதிரி எடுக்கும் முறைகளின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். முதலில் வலை, அடுத்து மின்சாரம், கடைசியாக மரபணு என்று அது படிப்படியாக ஏறிப்போகும். அமெரிக்காவின் இல்லினாய் ஆற்றை எடுத்துக்கொண்டால் இந்த ஏணி சரியாக நிற்பதில்லை. ஒன்றேகால் நூற்றாண்டாக ஆராயப்பட்டுவரும் ஆறு அது. எந்தக் கருவி வந்தது என்பதைவிட, அந்தக் கருவி எதை விட்டுவிடுகிறது என்று ஆய்வாளர்கள் எப்போது கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள் என்பதே அங்கு அறிவை முன்னே நகர்த்தியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1894இல் ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் ஹவானா என்ற ஆற்றங்கரை ஊரில் உயிரியல் நிலையம் ஒன்றை நிறுவினார். அவர் காலத்து ஆய்வின் முதன்மைக் கருவி இழுவலை. மேல்கயிற்றில் மிதவைகள், கீழ்க்கயிற்றில் ஈயக்குண்டுகள். ஒரு முனையைக் கரையில் பிடித்துக்கொண்டு மறுமுனையை வளைத்து இழுத்து வருவார்கள். மணல் பரந்த ஆழமற்ற கரையில் இது நன்றாக வேலை செய்யும். மரம் சாய்ந்து கிடக்கும் இடத்தில் கீழ்க்கயிறு சிக்கித் தூக்கிக்கொள்ளும். மீன் அடியில் நழுவிவிடும். ஃபோர்ப்ஸும் ராபர்ட் ரிச்சர்ட்சனும் 1908இல் வெளியிட்ட இல்லினாய் மீன்கள் பற்றிய நூல் எந்த இனம் எங்கே கிடைத்தது என்பதை வரைபடங்களாகவே தந்தது. இன்றும் பயன்படும் அரிய உழைப்பு அது. ஆனால் ‘எங்கே இருக்கிறது’ என்ற கேள்விக்குத்தான் அதில் விடை உண்டு. ‘எவ்வளவு இருக்கிறது’ என்று கேட்டால், வலை இழுக்க முடியாத இடங்களெல்லாம் அந்த வரைபடத்தில் வெற்றிடமாகவே நிற்கும்.

மின்சாரம் இதைத் தீர்த்துவிட்டது என்பார் உண்டு. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. மின்சாரத்தால் மீன் பிடிக்க ஐஷம் பாக்ஸ் லண்டனில் காப்புரிமை பெற்றது 1863இல். ஆற்று ஆய்வில் அது பரவலாக வேரூன்றியதோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். கையாளத்தக்க மின்னாக்கி வேண்டியிருந்தது உண்மை. அதைவிட, இந்த முறையும் பாரபட்சமானது என்று புரிய வேண்டியிருந்தது. நீளமான மீனின் தலைக்கும் வாலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு அதிகம். ஆகவே பெரிய மீன் எளிதில் மயங்கும், குஞ்சு தப்பும். நீரின் மின்கடத்துதிறன் மாறினால் விளைவும் மாறும். ஆழத்தில் கிடக்கும் கெளுத்தியை மேற்பரப்பில் தொங்கும் மின்வாய் எட்டாது.

தப்பியதைக் கணக்கிடும் வழி மீனியலுக்கு வெளியிலிருந்து வந்தது. 1939இல் லெஸ்லி, டேவிஸ் இருவரும் சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரில் எலிகளைப் பிடித்துக்கொண்டே போனபோது பிடிபாடு குறையும் வேகத்தை வைத்து மொத்த எண்ணிக்கையை மதிப்பிட்டார்கள். டெலூரி, மொரான், ஸிப்பின் ஆகியோர் அதை வளர்த்தெடுத்தனர். ஓடையின் இரு முனைகளையும் வலையால் அடைத்து முதல் சுற்றில் 60 மீனும், அவற்றைத் திரும்ப விடாமல் இரண்டாம் சுற்றில் 24 மீனும் பிடித்தால், அங்கே இருந்தவை ஏறத்தாழ 100 என்று 1967இல் செபர், லெ க்ரென் தந்த சூத்திரம் சொல்லும். இரண்டு சுற்றிலும் மீன் ஒரே அளவு எளிதாகப் பிடிபடும் என்பது இதன் அடிப்படை. முதல் சுற்றில் தப்பியது பெரும்பாலும் பிடிக்கக் கடினமான மீன். எனவே மதிப்பீடு உண்மையைவிடக் குறைந்தே நிற்கும். அமெரிக்க வடமேற்கின் மலையோடைகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது.

இல்லினாய் போன்ற பேராற்றை வலைகட்டி அடைக்க முடியாது. அதனால் ஆய்வாளர் வில்லியம் ஸ்டாரெட் 1957இல் வேறு வழியில் போனார்: குறித்த இடங்களில், படகிலிருந்து ஒரே வகை மாறுமின்னோட்டத்தைப் பாய்ச்சி, மணிக்கு எத்தனை மீன் என்று பதிந்தார். பிறகு வந்தவர்களும் பல பத்தாண்டுகள் அதே மின்னோட்ட வகையைக் கைவிடவில்லை. பிழை மாறாதிருந்தால் மாற்றம் ஆற்றினுடையது என்பதே இதன் தருக்கம். சிகாகோவின் கழிவால் நலிந்திருந்த மேல் ஆற்றில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்துக்குப் பின் நாட்டு மீன்கள் மீண்டுவந்ததை இந்தத் தொடர் பதிவே காட்டியது. ஆண்டுக்கொரு புதுக் கருவியை மாற்றியிருந்தால் அந்த மீட்சி கண்ணில் பட்டிருக்காது.

மாறாத பிழையும் பிழைதானே என்ற மறுப்பு வலுவானது. அதை மெய்ப்பித்தது வெள்ளிக் கெண்டை. படகின் ஓசைக்கே நீரை விட்டுத் துள்ளி எழுந்து விலகும் இந்த வந்தேறி மீன், பழகிய மின்படகு முறைக்குச் சரியாக அகப்படவில்லை. ஹவானாவை அடுத்த லா கிரேஞ்ச் நீர்ப்பகுதியில் மின்படகோடு வளைய வலை, பொறிவலை, இழுவை மடி ஆகியவற்றையும் சேர்த்தே நடத்தும் கண்காணிப்புக்கு இங்கேதான் பொருள் கிடைக்கிறது.

மீன் உதிர்த்து நீரில் மிதக்கும் மரபணுத் துணுக்கைத் தேடும் முறை இந்தச் சிக்கல்களைக் கடந்துவிட்டது என்ற நம்பிக்கையைச் சிகாகோ கால்வாயில் சோதிக்கலாம். வெள்ளிக் கெண்டை, பெருந்தலைக் கெண்டை முதலிய ஆசியக் கெண்டைகள் இல்லினாய் ஆற்றிலிருந்து மிச்சிகன் ஏரிக்குப் போகாமலிருக்க அங்கே மின்தடுப்பு உண்டு. 2009இல் தடுப்புக்கு மேலேயே அவற்றின் மரபணு தென்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், பராமரிப்புக்காகத் தடுப்பை நிறுத்தியபோது, அதற்குக் கீழே சில மைல் நீளத்துக்கு ரோட்டினோன் நஞ்சு கலந்தார்கள். செத்த மீன்களைக் குவித்துத் தேடியதில் கிடைத்தது ஒரே ஒரு பெருந்தலைக் கெண்டை. குளிர்நீரில் செத்த மீன் பல மூழ்கிவிடும் என்பதால் அதுவும் முழுக் கணக்கு அன்று. 2010 ஜூனில் தடுப்பைத் தாண்டிய கால்யுமெட் ஏரியில் தொழில்முறை மீனவர் வலையில் ஒரு பெருந்தலைக் கெண்டை விழுந்தது. துணுக்கு உயிருள்ள மீனிலிருந்து வந்ததா, சரக்குப் படகோ பறவையோ சாக்கடையோ கொண்டுவந்ததா என்ற விவாதம் அத்துடனும் அடங்கவில்லை. மீனின் நீளம், வயது, சினைப் பருவம் ஆகியவற்றைத் துணுக்கு சொல்லாது.

ஆனாலும் இந்த முறை விரைவாக நம்பகம் பெற்றுவருகிறது. காரணம் அதன் நுண்ணுணர்வு மட்டுமன்று. ஒரே இடத்தில் பல குப்பி நீர் எடுத்து, எத்தனை குப்பியில் துணுக்கு தென்பட்டது, எத்தனையில் தென்படவில்லை என்பதிலிருந்து தவறவிடும் வாய்ப்பை மதிப்பிடும் பழக்கம் அதில் தொடக்கத்திலேயே சேர்ந்துகொண்டது. வலைக்கும் மின்சாரத்துக்கும் பல பத்தாண்டுகள் தாமதித்துக் கிடைத்த கணக்கு அது.